சும்மா நிற்கும் கார்ட் ஏன் சுடுகிறது?

கணினிக்குள் இருந்து படத்தைத் திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்ட் சூடாகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எத்தனை மொனிட்டர் பூட்டியிருக்கிறீர்கள்?" என்றுதான். கார்டின் பெயர், வயது, எங்கே வாங்கியது எல்லாம் அதற்குப் பிறகு. கேட்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி விசித்திரமாகப் படும். மொனிட்டருக்கும் கார்டின் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். நிறையச் சம்பந்தம் இருக்கிறது. வன்னி வெயிலில், சீற் போட்ட கூரைக்குக் கீழே கணினி வைத்து வேலை செய்கிறவர்கள் அதைத் தெரிந்து வைத்திருந்தால் கறண்ட் காசும் மிஞ்சும், கார்டும் கூடக் காலம் ஓடும்.

எனக்குத் தெரிந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தனிக் கார்ட் வாங்குகிறவர்களில் விளையாட்டுக்காக வாங்குவோர் கொஞ்சம் பேர்தான். கூடுதலானவர்கள் எடிட்டிங் செய்கிற பிள்ளைகள். கல்யாண வீடு, சாமத்தியவீடு, வற்றாப்பளைப் பொங்கல், ஊர்க்கோயில் திருவிழா என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தங்கள் வீடியோவுக்குக் காத்திருப்பார்கள். இந்த வேலைக்கு ஒரு மொனிட்டர் போதாது. ஒன்றில் வீடியோத் துண்டுகளை அடுக்குகிற டைம்லைன், மற்றதில் படம் என்று இரண்டு வேண்டும். முதல் மொனிட்டர் புதிதாக இருக்கும். இரண்டாவது, எங்கேயோ ஒரு அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய சதுர மொனிட்டராக இருக்கும். சிக்கல் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

மாங்குளத்தில் எடிட்டிங் செய்கிற தம்பி ஒருவர் கோல் எடுத்துச் சொன்னார்: "அண்ணை, எக்ஸ்போர்ட் போட்டா சூடாகிறது சரி. ஒண்டும் செய்யாம நிக்கேக்கையே ஃபான் ஓடுறதும் நிக்கிறதுமா இருக்கு. மைனிங்குக்கு ஓடின கார்டை என்ரை தலையில கட்டிப்போட்டாங்களோ தெரியேல்லை." அவருடையது ஏஎம்டி கம்பனியின் பாவித்த ஆர்எக்ஸ் 570. சந்தேகப்பட்டதில் பிழை இல்லை. 2022 செப்டம்பரில் இதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றி, கார்ட் வைத்துக் காசு தோண்டுகிற வேலை அதில் நின்றுபோனபோது, 570, 580 போன்ற கார்டுகள் உலகம் முழுக்கச் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றில் சில நம் பக்கமும் வந்திருக்கும்.

ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை இறக்கி, சென்சர் பக்கத்தில், கார்டுக்குள்ளேயே இருக்கிற மெமரியின் வேகத்தைப் பார்க்கச் சொன்னேன். 1750 மெகாஹெர்ட்ஸ். அந்தக் கார்டின் உச்சமே அதுதான். திரையில் ஒன்றும் அசையவில்லை, மெமரி மட்டும் உச்சத்தில் நிற்கிறது. பிறகு, சதுர மொனிட்டரின் வயரைக் கழற்றச் சொன்னேன். மெமரி உடனே 300க்கு இறங்கியது. வெப்பமும் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. கார்ட் நல்ல கார்ட். அவருடைய ஒரு மொனிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடியது, மற்றது 75 ஹெர்ட்ஸில். சூட்டுக்குக் காரணம் அந்த வித்தியாசம்தான்.

ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது விளங்கிவிட்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும்.

திரையில் அசையாத படம் நின்றாலும் கார்டுக்கு ஓய்வில்லை. 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 தடவை முழுப் படத்தையும் மெமரியில் இருந்து வாசித்து வயர் வழியாக அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1920க்கு 1080 திரையில், ஒரு புள்ளிக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரு படம் ஏறக்குறைய 8.3 மெகாபைட். நொடிக்கு 500 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மொனிட்டர் என்றால் ஒரு ஜிகாபைட். பெரிதாகத் தெரிகிறதா? ஆர்எக்ஸ் 570இன் மெமரி, ஓய்வு வேகமான 300 மெகாஹெர்ட்ஸில் நிற்கும்போதே, 256 பிட் அகலத்தில், கணக்குப்படி நொடிக்கு 38.4 ஜிகாபைட் தரக்கூடியது. ஆகவே இரண்டு சாதாரண மொனிட்டருக்கு மெமரி போதாமல்தான் வேகம் கூடுகிறது என்று நினைக்க இடமில்லை. அந்த வேலைக்கு 300 தாராளம்.

சிக்கல், வேகத்தை மாற்றுகிற அந்தக் கணத்தில் இருக்கிறது. மெமரியின் வேகத்தை 300இல் இருந்து 1750க்கோ, அங்கிருந்து கீழேயோ மாற்றும்போது, அதை ஒரு கணம் நிறுத்திப் புதிய வேகத்துக்குப் பழக்கி எடுக்க வேண்டும். அந்தக் கணத்தில் மெமரியை வாசிக்க முடியாது. அதே நேரத்தில் திரைக்குப் படம் போய்க்கொண்டிருந்தால் கோடு விழும், மினுங்கும், சில வேளை திரை ஒரு தரம் கறுத்து வரும். இதைத் தவிர்க்க, கார்டை இயக்குகிற மென்பொருளான டிரைவர் ஒரு இடைவெளிக்காகக் காத்திருக்கிறது. ஒரு படம் அனுப்பி முடிந்து அடுத்த படம் தொடங்குவதற்குள் வரும் சின்ன இடைவெளி அது. குழாய் டிவிக் காலத்தில், கதிர் கீழ்மூலையில் இருந்து மேல்மூலைக்குத் திரும்பிப் போவதற்காக விட்ட நேரம். குழாய் போய்விட்டது, இடைவெளி இன்னும் இருக்கிறது.

அது எவ்வளவு நீளம்? 1080 கோடு உள்ள வழக்கமான 60 ஹெர்ட்ஸ் திரைக்குக் கார்ட் உண்மையில் 1125 கோடு அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரிவது 1080, மிச்சம் 45 வெற்றுக் கோடுகள். ஒரு கோட்டுக்கு 14.8 மைக்ரோவிநாடி. 45 கோட்டுக்குக் கிட்டத்தட்ட 0.67 மில்லிவிநாடி. ஒரு படத்துக்கான முழு நேரம் 16.67 மில்லிவிநாடி, அதில் இந்த 0.67க்குள் மெமரி வேகத்தை மாற்றி முடித்துவிட வேண்டும். சில மொனிட்டர்கள் வெற்றுக் கோடுகளைக் குறைத்து மொத்தம் 1111 கோடு மட்டும் வாங்கும். அங்கே இடைவெளி 0.47 மில்லிவிநாடி ஆகிவிடும். ஒரு மொனிட்டர் மட்டும் என்றால் இதற்குள் வேலை முடிந்துவிடும், பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது மொனிட்டர் வந்தால் அதற்குத் தன் இடைவெளி தனி. ஒரே வாய்க்காலில் இரண்டு வயலுக்குத் தண்ணீர் பாயும்போது பலகையை மாற்ற வேண்டுமானால், இரண்டு வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டாம் என்றிருக்க வேண்டுமல்லவா, அப்படித்தான். ஒன்று 60, மற்றது 75 என்றால் இரண்டின் இடைவெளிகளும் தேவையான அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும் என்று நம்ப முடியாது. டிரைவர் துணிந்து மாற்றினால் ஒரு திரை மினுங்கும். அதனால் மாற்றாமலே விட்டுவிடுகிறது. கீழே விட்டால் வேலை வரும்போது ஏற்ற முடியாது, ஆகவே மேலேயே வைத்திருக்கிறது. மெமரி மேலே நின்றால் அதைக் கட்டுப்படுத்துகிற பகுதியும் அதற்கான வோல்ட்டேஜும் இறங்காது. சும்மா நிற்கிற கார்ட் சுடுவது இதனால்தான்.

இது புதிய விஷயம் இல்லை. 2010இல் என்விடியா கம்பனியின் ஜிடிஎக்ஸ் 480 கார்ட் வந்தபோதே, இரண்டு வேறு மொனிட்டர் பூட்டினால் சும்மா இருக்கும்போதும் கொதிக்கிறது என்று பலர் எழுதினார்கள். மினுக்கத்தைத் தவிர்க்கவே மெமரி வேகத்தை இறக்காமல் வைத்திருப்பதாக என்விடியா அப்போதே விளக்கம் சொன்னது. 2022 கடைசியில் வந்த ஆர்எக்ஸ் 7900 வரிசையிலும், பெரிய, வேகமான மொனிட்டர்களோடு ஓய்வு நேர மின்செலவு கூடுவதை ஏஎம்டி தன் டிரைவர் குறிப்புகளில் தெரிந்த குறையாகவே பதிவு செய்தது, பிறகு 2023இல் டிரைவர்கள் வழியாகக் குறைத்தது. கார்டின் விலை கூடினால் இந்தத் தொல்லை இருக்காது என்று நினைக்க வேண்டாம்.

சரி, இரண்டும் 60 ஹெர்ட்ஸ் என்றால் போதுமா? பெரும்பாலும் போதும், ஆனால் எப்போதும் இல்லை. ஒன்று 60.00, மற்றது 59.94 என்று இருக்கலாம். டிவியை மொனிட்டராகப் பாவிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 0.06 ஹெர்ட்ஸ்தான், ஆனாலும் இரண்டு இடைவெளியும் ஒன்றாகச் சேர்ந்து, விலகி, மறுபடி சேர ஏறக்குறைய 17 நொடி எடுக்கும். பழைய 1280க்கு 1024 சதுர மொனிட்டர் 60 என்று காட்டினாலும் உள்ளே 60.02இல் ஓடும். ஹெர்ட்ஸ் எண் ஒன்றாக இருந்து, மொத்தக் கோடுகள் வேறாக இருந்தாலும் கதை அதேதான். எல்லாம் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால்தான் டிரைவரால் இரண்டு திரையையும் ஒரே தாளத்தில் ஓட்டி, இடைவெளிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்க முடியும்.

அதனால்தான் எடிட்டிங் தொடங்குகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, மொனிட்டர் வாங்கினால் சோடியாக வாங்குங்கள். ஒரே கம்பனி, ஒரே மொடல், இரண்டு. ஒன்று பெரிதும் புதிதும், மற்றது கிடைத்ததும் என்று சேர்ப்பதைவிட, அலுவலகங்கள் கழிக்கிற நல்ல 1080 மொனிட்டர் இரண்டு ஒரே மொடலில் கிடைத்தால் அதை விடாதீர்கள். நிறமும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும், அது எடிட்டிங்குக்கு இன்னொரு லாபம்.

ஏற்கெனவே வேறு வேறு மொனிட்டர் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது சின்ன வேலை. விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குப் போய், இரண்டு மொனிட்டரின் ஹெர்ட்ஸையும் பாருங்கள். 75ஐ 60க்கு இறக்குங்கள். 144 ஹெர்ட்ஸ் மொனிட்டரோடு 60 ஒன்று இருந்தால், 144ஐ 120 ஆக்கிப் பாருங்கள். 144இல் ஒரு படத்துக்குக் கிடைப்பது 6.94 மில்லிவிநாடி, 120இல் 8.33. இடைவெளிக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். என்விடியா கார்டுகள் பலவற்றில் இந்த ஒரு மாற்றமே போதும், மெமரி தன் ஓய்வு வேகத்துக்கு வந்து உட்காரும். கல்யாண வீடியோ வெட்டுகிறவருக்கு 144க்கும் 120க்கும் உள்ள வித்தியாசம் தேவையே இல்லை. விளையாடும்போது வேண்டுமானால் திரும்ப ஏற்றலாம்.

இதைச் செய்வதற்கு முன் ஒரு விஷயத்தைப் பிரித்தறிந்துவிட வேண்டும். ஜிபியு-இசட்டில் இரண்டு வேகம் தெரியும், கணக்குப் போடுகிற சிப்பான கோர் ஒன்று, மெமரி ஒன்று. மெமரி மட்டும் உச்சத்தில் நின்று, கோர் கீழே இருந்தால் காரணம் மொனிட்டர் என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். கோரும் மேலே நின்று, சுமை சதவீதமும் பூச்சியத்துக்கு மேலே துள்ளிக்கொண்டிருந்தால் ஏதோ ஒரு மென்பொருள் கார்டைப் பாவிக்கிறது. அசைகிற வால்பேப்பர், பின்னால் ஓடுகிற ஒரு வீடியோ, திறந்து வைத்த எடிட்டிங் மென்பொருள், இவை வழக்கமான ஆட்கள். டாஸ்க் மனேஜரில் ஜிபியு நிரலைப் பார்த்தால் ஆள் பிடிபடும். என்விடியா கண்ட்ரோல் பனலில் யாரோ சொன்னார்கள் என்று உச்சச் செயல்திறன் முறையை எல்லா மென்பொருளுக்கும் பொதுவாகப் போட்டு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். அதனால் எடிட்டிங் வேகமாவதில்லை, கார்ட் கீழே இறங்காமல் நிற்பதுதான் நடக்கும்.

ஹெர்ட்ஸை ஒன்றாக்கியும் மெமரி இறங்கவில்லை என்றால், எனக்கு மிகப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. இரண்டாவது மொனிட்டரைக் கார்டில் இருந்து கழற்றி, மதர்போர்டின் பின்னால் இருக்கிற எச்டிஎம்ஐயில் பூட்டுங்கள். ப்ராசஸருக்குள்ளேயே ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கும், அது அந்த மொனிட்டரைப் பார்த்துக்கொள்ளும். கார்டுக்கு ஒரே மொனிட்டர்தான் மிஞ்சும், மெமரி நிம்மதியாக இறங்கும். இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் எழுத்து உள்ள ப்ராசஸர்களில் அந்தச் சின்ன கிராபிக்ஸ் இல்லை. ஏஎம்டியின் ரைசனில் ஜி எழுத்து உள்ளவற்றிலும், 7000 வரிசையில் இருந்து பெரும்பாலானவற்றிலும் உண்டு. கணினி தொடங்கும்போது திறக்கிற மதர்போர்டின் அமைப்பான பயோஸில் அதற்கென்று ஒரு தெரிவு இருக்கும், ஐஜிபியு மல்டி மொனிட்டர் என்றோ அதைப்போல ஒரு பெயரிலோ. அதை இயக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கார்ட் பூட்டியவுடன் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும்.

இதில் எடிட்டர்களுக்கு ஒரு மேலதிக நன்மை இருக்கிறது, பலர் அறியாதது. இப்போதைய சோனி, கெனன் கமராக்கள் பல நிறத்தைக் கூடுதலாகச் சேமிக்கிற 10 பிட், 4:2:2 முறையில், எச்இவிசி என்ற சுருக்கிய வீடியோக் கோப்புகளைத் தருகின்றன. இந்த வகைக் கோப்பை என்விடியாவின் 50 வரிசைக்கு முந்திய கார்டுகள் வன்பொருளில் விரித்துக் காட்டாது. இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து ப்ராசஸரின் உள் கிராபிக்ஸ் அதைச் செய்யும். மொனிட்டருக்காக அதை இயக்கினால், டைம்லைன் இழுபடாமல் ஓடுவதும் சேர்ந்தே கிடைக்கும். ஆனால் படம் பார்த்து நிறம் திருத்துகிற முக்கிய மொனிட்டர் கார்டிலேயே இருக்கட்டும். உள் கிராபிக்ஸில் கோப்புப் பட்டியல், பிரவுசர், வட்ஸ்அப் இவற்றை வைக்கலாம்.

மூன்றாவது வழி, மொனிட்டரின் கோட்டுக் கணக்கையே கையால் மாற்றுவது. சிஆர்யு என்ற இலவச மென்பொருளில் மொத்தக் கோடு, வெற்றுக் கோடு எல்லாவற்றையும் எழுதி, இரண்டு மொனிட்டரையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவரலாம், அல்லது வெற்றுக் கோட்டைக் கூட்டி இடைவெளியை நீட்டலாம். வேலை செய்யும், ஆனால் மொனிட்டர் ஏற்றுக்கொள்ளாத எண்ணைப் போட்டால் திரை கறுத்துவிடும். அதோடு வருகிற மீட்டமைக்கும் கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் இதைத் தொட வேண்டும். நாளைக்கு வீடியோ கொடுக்க வேண்டிய இரவில் இதைத் தொடவே வேண்டாம்.

மென்பொருள் வைத்து மெமரியை வலுக்கட்டாயமாகக் கீழே பிடித்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்விடியா இன்ஸ்பெக்டர் என்ற மென்பொருளில் பல மொனிட்டர் மின்சேமிப்பு என்று ஒரு பகுதி உண்டு. அது வேலை செய்கிறது, ஆனால் வேகம் மாறும்போதெல்லாம் ஒரு மினுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். டிரைவர் எதைத் தவிர்க்க முயன்றதோ அதைத்தான் நாம் திரும்ப வரவழைக்கிறோம். எனக்கு அது விருப்பமில்லை.

இனி வெப்பத்தைப் பற்றி. இணையத்தில் ஒருவர் "என் கார்ட் ஓய்வில் 38 டிகிரிதான்" என்று எழுதுவதைப் படித்துவிட்டு, தன்னுடையது 53 காட்டுகிறது என்று பயப்படுகிறவர்கள் பலர். எழுதியவரின் அறை 20 டிகிரியாக இருக்கும். கூலர் செய்யக்கூடியது அறையை விட இத்தனை டிகிரி மேலே என்று கார்டை வைத்திருப்பதுதான். 20இல் 38 என்றால் வித்தியாசம் 18. நம் பக்கம் சித்திரை வெயிலில் அறை 35 என்றால் அதே கார்ட், அதே சுகத்தோடு, 53 காட்டும். ஆகவே அறையின் வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். ஒரு சாதாரண வெப்பமானியை மேசையில் வைத்தால் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்தக் கழித்தல் உதவாது. இப்போதைய கார்டுகளில் பல, ஒரு குறித்த வெப்பம் வரும் வரை ஃபானைச் சுற்றவே விடாது. 50க்கும் 60க்கும் இடையில் எங்கேயோ அந்த எல்லை இருக்கும். குளிர் நாட்டில் ஓய்வு நேரத்தில் அந்த எல்லை எட்டாத தூரத்தில் இருக்கும். இங்கே மத்தியானத்தில், மெமரி உச்சத்தில் நிற்கிற கார்ட் அந்த எல்லையிலேயே உலவும். ஃபான் தொடங்கும், கொஞ்சம் குளிரும், நிற்கும், திரும்பத் தொடங்கும். மாங்குளத்துத் தம்பி சொன்னது இதைத்தான். மெமரியை இறக்கினால் பெரும்பாலும் தீரும். அப்படியும் தீராத கடும் வெயில் நாட்களுக்கு, ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளில் ஃபானை நிற்கவிடாமல் ஒரு மெல்லிய வேகத்தில், 30 சதவீதம் அளவில், ஓடவிடுவது நல்லது. நின்று நின்று தொடங்குவதைவிட மெதுவாக ஓடிக்கொண்டே இருப்பது காதுக்கும் சுகம்.

கறண்ட் கணக்கையும் போட்டுவிடுவோம். மெமரி இறங்காததால் 20 வாட் கூடப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம், மாதம் 30 நாள். 6 யூனிட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நம் வீட்டுக் கட்டணம் 30, 60, 90 என்று படிப்படியாக ஏறுகிற கட்டணம். 88இல் நிற்க வேண்டிய வீடு இந்த 6ஐச் சேர்த்துக்கொண்டு 90ஐத் தாண்டினால் யூனிட் விலையும் மாறும், நிலையான கட்டணமும் மாறும். 2022 ஆகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறி, 2023 பெப்ரவரியில் இன்னும் 66 சதவீதம் ஏறிய பிறகு, எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் யூனிட்டை எண்ணிச் செலவழிக்கப் பழகிவிட்டார்கள். பிறகு குறைந்ததும் கூடியதும் உண்டு, பழக்கம் போகவில்லை. வன்னிக்கு இது புதிதும் இல்லை. கறண்டுக் கம்பியே இல்லாமல் பல வருடம் குப்பி விளக்கில் படித்த, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. தேவையில்லாமல் ஓடுகிற ஒரு பல்பைக் கண்டால் அம்மா எழும்பிப் போய் அணைக்கிறாரே, அந்தக் கவனம் கணினிக்கும் வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எவ்வளவு வாட் போகிறது என்று பார்க்கத் தனிக் கருவி இல்லாதவர்களுக்கு, வீட்டு மீட்டரே போதும். புதிய மீட்டர்களில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும், யூனிட்டுக்கு எத்தனை மினுக்கம் என்று முகப்பிலேயே அச்சடித்திருக்கும். 1600 என்று இருந்தால், ஒரு மினுக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையிலான நொடிகளால் 2250ஐப் பிரியுங்கள். வருவது வாட். 15 நொடி என்றால் 150 வாட். குளிர்சாதனப்பெட்டி உட்பட மற்ற எல்லாவற்றையும் சில நிமிடம் அணைத்துவிட்டு, இரண்டு மொனிட்டரோடு ஒரு தடவை, ஹெர்ட்ஸை ஒன்றாக்கிய பிறகு இன்னொரு தடவை அளந்து பாருங்கள். ஆர்எக்ஸ் 500 வரிசைக் கார்டுகளில் மென்பொருள் காட்டுகிற வாட் சிப்புக்கு மட்டுமானது, முழுக் கார்டுக்கும் அல்ல. அதனால் மீட்டர்க் கணக்கைத்தான் நான் நம்புவேன்.

எக்ஸ்போர்ட் போடும்போது, அதாவது வெட்டி முடித்த வீடியோவைக் கோப்பாக எடுக்கும்போது, வருகிற சூடு வேறு கதை, அது வேலைக்கான சூடு. அங்கேயும் குறைக்க வழி இருக்கிறது. ஆஃப்டர்பேர்னரில், கார்ட் எடுக்கக்கூடிய மின்சாரத்தின் எல்லையான பவர் லிமிட்டை 100 சதவீதத்தில் இருந்து 70க்கு இறக்குங்கள். ஜிடிஎக்ஸ் 1060 என்றால் 120 வாட் 84 ஆகும். வேகம் 30 சதவீதம் குறையும் என்று பயப்பட வேண்டாம், அதைவிட நன்றாகக் குறைவாகத்தான் குறையும். கார்டுகள் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே, கடைசிக் கொஞ்ச மெகாஹெர்ட்ஸுக்காக அதிக வோல்ட்டேஜ் கொடுத்துத்தான் வருகின்றன. மின்செலவு வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். 1150 மில்லிவோல்ட்டை 1050 ஆக்கினால், வேகம் மாறாமலே அந்தப் பங்கு ஏறக்குறைய 17 சதவீதம் குறைகிறது. வோல்ட்டேஜைக் கையால் இறக்குவது ஒவ்வொரு கார்டுக்கும் வேறுபடும், 25 மில்லிவோல்ட்டாக இறக்கி, ஒவ்வொரு தடவையும் ஒரு முழு எக்ஸ்போர்ட் ஓட்டிப் பார்க்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்குப் பவர் லிமிட்டே போதும். 1060 போன்றவை 83 டிகிரியை அண்டும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 35 டிகிரி அறையில் அந்த எல்லைக்குக் கெதியாகப் போய்விடும் என்பதால், லிமிட்டை இறக்கிய கார்ட் நீளமான எக்ஸ்போர்ட்டில் பெரிதாகப் பின்தங்குவதும் இல்லை.

தூசியைச் சொல்லாமல் விட முடியாது. சோளகம் வீசுகிற மாதங்களில் கிரவல் றோட்டோரத்து வீடுகளில் மேசையைத் துடைத்து ஒரு மணித்தியாலத்தில் திரும்பச் சிவந்துவிடும். காலபோக அறுவடையில் உமித் தூசு வேறு. கார்டின் தகடுகளுக்கு இடையில் இது கம்பளிபோல் படிந்துவிடும். சோளகம் தொடங்க முன் ஒன்று, முடிந்து ஒன்று என்று புளோவர் வைத்து ஊதுங்கள். ஊதும்போது ஃபானை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபாட்டுக்குச் சுற்றினால் பேரிங் போய்விடும். கணினியைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலில் ஏற்றினாலே தூசி நன்றாகக் குறையும்.

டிரைவர் புதுப்பித்த பிறகும், மொனிட்டர் வயரை வேறு துளைக்கு மாற்றிய பிறகும் ஜிபியு-இசட்டை ஒரு தடவை திறந்து மெமரி வேகத்தைப் பாருங்கள். 75ஐ 60 ஆக்கியது, 144ஐ 120 ஆக்கியது எல்லாம் சில வேளைகளில் சொல்லாமல் பழைய எண்ணுக்குப் போய்விடும். ஒரு நிமிட வேலைதான்.